பல்தாசர் எழுதாத அத்தியாயம்

பராகுவே நாட்டு யுத்தம் முடிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பராகுவே. எதிரே பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே என்று மூன்று நாடுகள். முடிவு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். கடைசியில் பெண்கள் மிஞ்சினார்கள், ஆண்கள் மிஞ்சவில்லை.

மிஞ்சியவர்களில் ஒருத்தி எர்மெலிந்தா. முப்பத்தைந்து வயசு. மரவள்ளி போட்டு, கிழங்கைத் துருவி, மாவு எடுத்து விற்றுப் பிழைத்தாள். மனசு சரியில்லாதவர்கள் அவளைத் தேடி வருவார்கள். அவள் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. ஒரு கேள்வி கேட்பாள். இல்லாவிட்டால் கையில் ஒரு கிழங்கைக் கொடுத்துத் துருவச் சொல்வாள். அதற்கே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

வந்தவர் ஒருவர் அங்கேயே தங்கிவிட்டார். பெயர் பல்தாசர், வயசு அறுபது. குருவைவிட இருபத்தைந்து வயசு மூத்த சீடர். அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை ஐயா என்பாள். பட்டாளத்தில் எழுத்து வேலை பார்த்ததாகச் சொல்லியிருந்தார். இப்போது யுத்தத்தின் காரணங்கள் என்று ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். காரணம் முழுசாகத் தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று மனிதருக்கு ஒரு நம்பிக்கை.

ஊரில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை சாமியார் வந்து ஞானஸ்நானம் கொடுப்பார். குழந்தையைக் கையில் ஏந்த ஞானத்தகப்பன் வேண்டும். ஊரில் இருந்த ஆண்களோ மூன்றே பேர். ஒருவர் படுத்த படுக்கை. இன்னொருவருக்கு இரண்டு கையும் இல்லை. ஆகவே வந்த இரண்டே வருஷத்தில் பல்தாசர் பதினேழு பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன் ஆகியிருந்தார். தெருவில் நடந்தால் ஏதாவது ஒரு வாண்டு வந்து காலைக் கட்டிக்கொள்ளும். அதில் அவருக்குப் பெருமை வேறு.

ஒரு சனிக்கிழமை காலை. மறுநாள் சாமியார் வருகிற நாள். பல்தாசர் நாலு அத்தியாயங்களை எடுத்துவந்து படித்துக் காட்டினார். எர்மெலிந்தா துருவிக்கொண்டே கேட்டாள்.

"பிரேசில் படை உருகுவேக்குள் நுழைந்தது. நுழையாதே என்று நம் நாட்டை ஆண்ட மார்ஷல் எச்சரித்தார். அவர்கள் கேட்கவில்லை."

"அதற்கப்புறம்?"

"நாம் அவர்கள் கப்பலைப் பிடித்தோம். அவர்கள் மண்ணுக்குள் புகுந்தோம்."

"அதற்கப்புறம்?"

"அர்ஜென்டினாவிடம் வழி கேட்டோம். தரமாட்டோம் என்றார்கள். தராத வழியில் போனோம். மூன்று நாடும் கூடி ரகசியமாக ஒப்பந்தம் போட்டன."

"அதற்கப்புறம்?"

"ஆற்றை அடைத்தார்கள். பட்டினி, காலரா. ஆட்கள் தீர்ந்துபோனார்கள்."

"தீர்ந்துபோன பிறகு?"

பல்தாசர் காகிதங்களை மடித்தார். புத்தகம் காரணங்களைப் பற்றியது மட்டும்தான், விளைவுகளை யாராவது எழுதிக்கொள்ளட்டும் என்றார். அவள் விவாதம் பண்ணவில்லை. அடுத்த கிழங்கை எடுத்தாள்.

அப்போது எவுலாலியா வந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு, நாற்பதை நெருங்குகிற வயசு. இடுப்பில் மூன்று மாதக் குழந்தை. தகப்பன் யார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் அதைக் கேட்கிற வழக்கம் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. நாளைக்கு ஐயாதான் பிள்ளையை ஏந்த வேண்டும் என்று சொல்ல வந்திருந்தாள். பல்தாசர் சந்தோஷமாகக் கையை நீட்டிக் குழந்தையை வாங்கினார். பெயர் என்ன என்று கேட்டார்.

கிரிஸ்பின் என்றாள். மூத்தவன் பெயரும் அதுதானாம். பதினோரு வயசில் பட்டாளத்துக்குக் கூட்டிப் போனார்கள், இருந்தால் இருபத்திரண்டு, அவனே தம்பியை ஏந்தியிருப்பான் என்றாள். அழவில்லை. அழுது முடித்தவள் மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு குழந்தையின் தாடையை விரலால் தடவினாள். மூத்தவனுக்கு அந்த இடத்தில் தீத்தழும்பு இருந்ததாம், மூன்று வயசில் அடுப்பில் விழுந்தவன், இவன் தாடை சுத்தமாக இருக்கிறது என்றாள்.

பல்தாசர் முகத்தில் ஈயாடவில்லை. குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வயசானவர், உடம்பு முடியவில்லைபோல என்று நினைத்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் புறப்பட்டாள். காலில் வாதம், மெதுவாகத்தான் நடப்பாள்.

"அம்மா, நான் எழுத்து வேலை பார்க்கவில்லை. நான் சார்ஜண்ட்."

எர்மெலிந்தா துருவுவதை நிறுத்தினாள்.

"ஆட்கள் தீர்ந்த பிறகு பையன்களைச் சேர்த்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் ஆண்களாகத் தெரிய வேண்டும் என்று உத்தரவு. தாடி ஒட்டச் சொன்னார்கள். மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, ஒவ்வொருவனாகத் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, நான்தான் ஒட்டினேன். அந்தத் தழும்பில் பசை பிடிக்கவில்லை. விழுந்துகொண்டே இருந்தது. இரண்டாவது தடவையும் ஒட்டினேன்."

அவள் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள்.

"சாயங்காலம் சண்டை ஓய்ந்தபோது என் வரிசையில் ஒருவனும் இல்லை."

கதை சொல்கிற எனக்கே இதைச் சொல்ல உடம்பு கூசுகிறது. இரண்டு வருஷமாக அவள் எதிரில் உட்கார்ந்து கிழங்கு துருவிய கை அது. பதினேழு குழந்தைகளை ஏந்திய கையும் அதுதான்.

மறுத்திருந்தால் அங்கேயே ஈட்டியால் குத்திக் கொன்றிருப்பார்கள் என்றார் பல்தாசர். உத்தரவு போட்டவனுக்கு மேலே ஒருத்தன், அவனுக்கு மேலே மார்ஷல், மார்ஷலுக்கு எதிரே மூன்று நாடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு அவளையே பார்த்துக் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்கள் அம்மா. இந்த யுத்தத்துக்கு நான் காரணமா, விளைவா?"

எர்மெலிந்தா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தாடிக்கு முடி ஏது, ஐயா?"

"ஊர்களிலிருந்து சாக்கில் வந்தது. குதிரை வால்மயிர் என்று நினைத்தோம்."

"அந்த வருஷம் குதிரை ஏது? எல்லாவற்றையும் தின்றுவிட்டோமே."

பல்தாசர் அவளைப் பார்த்தார்.

"எங்கள் தலைமுடி. இந்த ஊரில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவள் நான். பெரிய ஆள் மாதிரி தெரிந்தால் எதிரி கிட்டே வரமாட்டான், பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். எவுலாலியாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அடியோடு வெட்டிக்கொள் என்று தலையைக் குனிந்து கொடுத்தாள்."

இத்தனை நாள் குற்றம் குறை இல்லாதவள் என்று நம்பித்தான் பல்தாசர் அவள் காலடியில் கிடந்தார். தன்னைப் போல இன்னொரு ஆள் என்று இப்போது தெரிந்ததும் ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. எவுலாலியா எப்படி உங்களை மன்னித்தாள் என்று கேட்டார்.

"மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. பிள்ளைகள் செத்த செய்தி வந்த அன்றைக்கு அவள் வாசலில் போய் நின்றேன். கதவைச் சாத்திவிட்டாள். மறுநாளும் போனேன். ஒரு வருஷம் தினமும் போனேன். ஒரு நாள் திறந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்."

"என்ன கேட்டாள்?"

"அன்றைக்குக் காலையில் என் பிள்ளை பயந்தானா என்று கேட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். எனக்குத் தெரியாது, ஐயா. அவன் தாடையைப் பிடித்திருந்தவருக்குத்தான் தெரியும். எழுந்து போங்கள். அவள் இன்னும் ஓடையைத் தாண்டியிருக்க மாட்டாள்."