போகிறேன் என்று சொல்லாத எழுவனார்

கடலும் ஆறும் கை கோத்துக்கொள்ளும் ஒரு கழியின் கரையில் இருந்தது வெண்கழியூர். அங்கே எழுந்தருளியிருந்த பெருமானுக்குக் கழிக்கரை நாதர் என்று பெயர். அந்தப் பெருமானுக்குச் சுண்ணாம்பு சுட்டுக் கொடுத்தே அடியார் ஆனவர் எழுவனார். பூவும் விளக்கும் பாட்டும் கொடுத்தவர்கள் இருக்க, சுண்ணாம்பும் ஒரு தொண்டா என்று சிரிக்க வேண்டாம். சுவாமிக்கும் அம்மைக்கும் தினமும் வெற்றிலை மடித்து வைக்கிறார்களே, சுண்ணாம்பு தடவாத வெற்றிலை சிவக்குமா?

எழுவனாரின் மனைவி தேனாள் கழியில் இறங்கிக் கிளிஞ்சல் அரித்துக் கூடையில் கொண்டு வருவார். எழுவனார் அதைக் காளவாயில் இட்டுச் சுடுவார். வெந்ததைத் தண்ணீர் தெளித்து நீற்றி, துணியில் வடித்து, ஏழு தண்ணீர் மாற்றி, வெண்ணெய்போல் வந்த பிறகே கோயிலுக்கென்று சிறு கலயத்தில் எடுப்பார். காளவாய்க்காரர்கள் கோபுர வாசலைத் தாண்டக் கூடாது என்பது அக்காலத்துக் கட்டுப்பாடு. அவர் சுட்ட சுண்ணாம்பு கருவறை வரைக்கும் போகும். சுட்டவர் வாசலிலேயே நிற்பார். அங்கிருந்து பார்த்தால் உள்ளே தொலைவில் ஒரு விளக்குச் சுடர் மட்டும் தெரியும். அது போதும் அவருக்கு.

"சாமி, இன்னிக்குச் சுண்ணாம்பு காரம் கம்மிதான். வாய் வெந்துடாது. பயப்படாமப் போட்டுக்கங்க" என்று அந்தச் சுடரைப் பார்த்துச் சொல்வார். கலயத்தை வாசற்காவலன் சடையனிடம் கொடுப்பார். பிறகு, "போயிட்டு வர்றேன் சாமி" என்று கும்பிட்டுவிட்டு அப்படியே நிற்பார்.

ஏன் நிற்க வேண்டும்? நம் வீடுகளில் புறப்படுகிற யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம். உள்ளே இருப்பவர் 'போயிட்டு வா' என்று சொன்ன பிறகே படி இறங்குவோம். எழுவனாருக்கு அது பெருமானின் வீடு. வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் எப்படிப் புறப்படுவது? கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். பதில் வராது. மறுபடியும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடப்பார்.

"என்ன எழுவா, உத்தரவு ஆச்சா?" என்று கேட்பான் சடையன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

"அவருக்கு என்ன, ஒரு வேலையா? நாளைக்குச் சொல்லுவார்" என்பார் எழுவனார். இப்படியே இருபது வருடங்கள் ஓடின.

ஓர் ஐப்பசி மாதம். மழை விட்டு வெளிவாங்கியிருந்த காலையில் காளவாயின் வாயைக் களிமண்ணால் அடைத்துக்கொண்டிருந்தார் எழுவனார். உள்ளே தீ உறுமியது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேனாள், "போயிட்டு வர்றேன்" என்றார். சொன்னது காதில் விழுந்தது. கையிலிருந்த மண்ணை அப்பிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார். அப்பிவிட்டுத் திரும்பினார். மனைவி போய்விட்டிருந்தார்.

மேற்கே எங்கோ பெய்த மழைக்கு உச்சிப்பொழுதில் ஆறு பெருகி வந்து கழியில் பாய்ந்தது. கூடை மட்டும் கரை ஒதுங்கியது. தேனாள் கிடைக்கவே இல்லை. எழுவனார் மூன்று நாள் கழியோரம் அலைந்தார். மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அடியார் என்றால் அழமாட்டார் என்று யார் சொன்னது?

நான்காம் நாள் கலயத்தோடு கோபுர வாசலுக்கு வந்து நின்றார். சடையனுக்கே பொறுக்கவில்லை.

"இன்னுமா இவருக்குச் சுண்ணாம்பு கொண்டு வர்றே? உன் பொண்டாட்டிய ஆறு அடிச்சிக்கிட்டுப் போறப்ப பார்த்துக்கிட்டு இருந்தவர்யா. இருபது வருசமா உனக்கு ஒரு வார்த்தை சொன்னாரா? ரோசம் இருந்தா இன்னிக்காவது 'போறேன்'னு சொல்லிட்டுப் போ!"

எழுவனாருக்கு அந்த ஒரு சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்ததாம். அதை விழுங்கிவிட்டு அவர் பேசினார்.

"தேனா சொல்லிட்டுத்தான்யா போனா. என் காதுல விழுந்துச்சு. நான் பதில் சொல்லல. அவ மேல பிரியம் இல்லாமலா சொல்லல? என் கை தீயில இருந்துச்சு. இவருக்கும் எங்கயோ தீயில கை இருக்கும்."

பிறகு சுடரைப் பார்த்து, "போயிட்டு வர்றேன் சாமி" என்றார். வழக்கம்போல் நின்றார். வழக்கம்போல் பதில் இல்லை.

துன்பம் அதோடு விடவில்லை. மறுவருடம், நீற்றும்போது கொதித்த சுண்ணாம்பு முகத்தில் தெறித்து இரண்டு கண்ணும் போயின. அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு சுடரும் போயிற்று. ஆனாலும் கிளிஞ்சல் வெந்த பதத்தை வாசனையால் அறிந்து, வடித்ததை விரலால் தடவிப் பார்த்து, கோல் ஊன்றிக் கலயத்தோடு வந்துகொண்டே இருந்தார். வருவேன் என்று முந்தின நாள் சொல்லியிருக்கிறாரே!

அந்தப் பொறுமை சிலருக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் நண்பகலில் அவர் வருகிற நேரம் பார்த்துச் சடையன் பெரிய கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவனுடைய தோழர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கலயத்தை வாங்க ஆள் இல்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, எழுவனார் "போயிட்டு வர்றேன் சாமி" என்றார்.

"போ! இனிமேல் இங்கே வராதே!" என்று குரலை மாற்றி முழங்கினான் சடையன்.

எழுவனார் நடுங்கிப் போனார். பிறகு, பாருங்கள், அவர் முகம் மலர்ந்தது. கண்ணில்லாத குழிகளிலிருந்து நீர் வழிந்தது.

"பேசிட்டீங்களே சாமி! என்கிட்ட பேசிட்டீங்களே! போகச் சொன்னீங்க, போறதுதான் முறை. வராதேன்னீங்க, இனிமே இந்தப் படி மிதிக்கல. ஆனா அந்தச் சொல்லு மட்டும் வாயில வர மாட்டேங்குது, மன்னிச்சுக்கங்க. தூரத்துல இருந்தாவது சொல்லிக்கிட்டே இருப்பேன்." கலயத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "போயிட்டு வர்றேன் சாமி."

யாரும் சிரிக்கவில்லை. சடையன் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். அப்போது கோயிலின் மணிகள் எல்லாம், இழுப்பார் இல்லாமலே, ஒருசேர ஒலித்து ஓய்ந்தன. அந்த அமைதியில், உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது யாருடைய குரல் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

"தீயில் கை இருந்தது, எழுவா. போக வேண்டாம். வா."

கலயம் கை நழுவிப் படியில் உடைந்தது. சிந்திய சுண்ணாம்பை மிதித்துக்கொண்டு, கோலைக் கீழே போட்டுவிட்டு, எழுவனார் வாசலைத் தாண்டி நடந்தார். தடுக்க ஒரு கையும் எழவில்லை. உள்ளே கொடிமரத்தருகே, "வந்துட்டீங்களா?" என்று ஒரு பெண் கேட்டது சடையன் காதில் தெளிவாக விழுந்தது. தேனாளின் குரலை ஊரில் அறியாதவர் யார்? அவன் அப்படியே மண்ணில் விழுந்தான்.

பின்னால் ஓடிச்சென்று பார்த்தவர்கள் கண்டது இவ்வளவுதான். வெள்ளைக் காலடிகள் கொடிமரம் வரை தனியே போயிருந்தன. அங்கிருந்து அவற்றின் பக்கத்திலேயே ஈரமான சிறிய காலடிகள், கழிச்சேறு மாறாமல். இரண்டும் சேர்ந்து கருவறைக்குள் போயிருந்தன. திரும்பி வந்த சுவடு ஒன்றுகூட இல்லை.

சடையன் அதன்பிறகும் நெடுங்காலம் அந்த வாசலில் காவல் இருந்தான். சாமி கும்பிட்டுப் புறப்படுகிறவர் யாராக இருந்தாலும், கோபுரத்தைத் தாண்டாமல் வெளியிலேயே நிற்பவராக இருந்தாலும், எழுந்து நின்று "போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் அவன் ஒருவரையும் அனுப்பியதில்லை.

பதில் வராத வாசலில் நின்று, வருவேன் என்ற சொல்லை மாற்றாத எழுவனாரின் சுண்ணாம்பு படிந்த திருவடிகள் நம் தலைமேல் இருப்பதாக.