ஆறு அங்குலக் குழாய்

முதலில் தப்பு செய்தவன் சுருளிவேல். பெத்தண்ணனுக்கு இதில் இன்றுவரை சந்தேகம் கிடையாது.

மலைமேல் இருந்த அந்த மடம் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் கட்டிய பங்களா. கூடத்துச் சுவரில் குளிர்காயக் கட்டிய கணப்பில் எத்தனை விறகு போட்டாலும் சூடெல்லாம் மேலே போய்விடும், குளிர்தான் மிஞ்சும். அதனால் கணப்புக்குள்ளேயே ஓர் இரும்பு அடுப்பை வாங்கி வைத்தார்கள். அதன் புகை வெளியேற, பழைய கல் புகைபோக்கிக்குள் கூரை வரைக்கும் ஓர் எவர்சில்வர் குழாய் இறக்க வேண்டும்.

"அடுப்பு வாய் ஆறு அங்குலம். குழாயும் ஆறுதான் இருக்கணும்" என்றார் பெத்தண்ணன். கொத்தனாராக இருந்து, வயதான பிறகு மடத்துச் சாமியிடம் சீடராக வந்தவர்.

"போ பெருசு. எட்டு வாங்குவோம். புகை தாராளமாப் போகட்டுமே, உன் வீட்டுச் சொத்தா?" என்றான் சுருளிவேல். அவனும் சீடன்தான். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எட்டு அங்குலமே வந்தது. இறக்கிப் பூசும் வேலை பெத்தண்ணன் தலையில் விழுந்தது.

அகலக் குழாயில் புகை சோம்பி நின்றது. ஆறிப்போய்த் தாராக ஒட்டியது. மார்கழியில் ஒருநாள், பூசை நடக்கும்போது அந்தத் தார் தீப்பிடித்தது. சுவருக்குள் ரயில் ஓடுவதுபோல் சத்தம். எல்லாரும் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். நல்லவேளை, குழாய் உருக்குலைந்ததோடு போயிற்று.

முற்றத்தில் நடுங்கிக்கொண்டு நின்றவர்களிடம் சுருளிவேல் சொன்னான்:

"பெருசு மூட்டுல சரியாப் பூசல. அதான்."

எல்லார் கண்ணும் பெத்தண்ணன் மேல் திரும்பியது.

அன்றிலிருந்து அவர் சாமியிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"தப்பு என்னுதுன்னு அவன் வாயால சொல்லணும் சாமி. எப்பச் சொல்லுவான்?"

சாமி பெத்தண்ணனைவிட வயதில் சின்னவர். "முதல்ல குழாயை மாத்துவோம்" என்றார். "நீங்க சொன்ன அளவே வாங்கியாச்சு. மேலேருந்து நீங்க இறக்குங்க. கீழே சுருளி பிடிக்கட்டும்."

"அவனோடயா?"

"குழாய்க்கு ரெண்டு முனை இருக்கே."

அடுப்பை வெளியே இழுத்து வைத்துவிட்டு, சுருளிவேல் கணப்புக்குள் தலையை நுழைத்து உட்கார்ந்தான். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பெத்தண்ணன் ஏணியில் ஏறினார்.

குழாயைக் கயிற்றில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். நடுவில் புகைபோக்கி வளையும் இடத்தில் முரண்டு பிடித்தது. ஆட்டி ஆட்டி இறக்கினார். அடியை எட்டப்போகும் நேரத்தில், கையில் கனம் சட்டென்று குறைந்தது. குழாய் எதன்மேலோ உட்கார்ந்துவிட்டது.

உள்ளேயிருந்து ஒரு முனகல்.

குழாய் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் கை சிக்கியிருக்கிறது. கொத்தனாருக்கு இது புரிய நேரமாகவில்லை. ஒரு சாண் தூக்கினால் போதும்.

பெத்தண்ணன் தூக்கவில்லை. குழாயின் வாயில் குனிந்தார்.

"எட்டு அங்குலம் வாங்குனது யாரு? சொல்லு."

முனகல்தான் வந்தது.

"மூட்டு சரியில்லன்னியே, எல்லார் முன்னாடியும். யார் தப்பு? சொல்லுடா. சொன்னாத் தூக்குறேன்."

கரி அடைத்த குரல் ஒன்று குழாய் வழியாக ஏறி வந்தது.

"என் தப்புதான்."

பெத்தண்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. "கேக்கல. சத்தமா!"

"என் தப்புதான், பெத்தண்ணே. தூக்குங்க."

பெத்தண்ணே என்று சுருளிவேல் அவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவர் யோசிப்பதற்குள், கீழே முற்றத்திலிருந்து ஒரு சத்தம்.

"யோவ் பெருசு! குழாயை இறுக்குற பட்டை கொட்டகையில கிடைச்சிருச்சு. என் எடத்துல உக்காந்திருக்கிற சாமிய எந்திரிக்கச் சொல்லு, நான் வந்துட்டேன்!"

பெத்தண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தார். இழுத்த கயிற்றைப் புகைபோக்கிக் கல்லில் எப்படிக் கட்டினார், ஏணியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

சாமி கணப்பின் ஓரம் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கரி. இரண்டு விரலில் தோல் உரிந்து ரத்தம் சொட்டியது.

"அடப்பாவி பெருசு, பார்த்து இறக்கக் கூடாதா?" என்றபடி சுருளிவேல் துணி எடுக்க உள்ளே ஓடினான்.

பெத்தண்ணன் சாமியின் கையைப் பார்த்தார்.

"நான்தான் இங்க இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சாமி."

"நீங்க அதைக் கேட்கலையே."

பெத்தண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சுருளிவேல் போன பக்கம் பார்த்தார். உள்ளே பழைய சூடு மறுபடியும் ஏறியது.

"இருந்தாலும்... அவன் இன்னும் சொல்லல, சாமி."

"ஆமா, சொல்லல. அவன் சொல்ல வேண்டியதுதான்."

சாமி ரத்தம் வழியும் விரல்களை வேட்டி முனையால் சுற்றிக்கொண்டு, மறுபடியும் கணப்புக்குள் தலையை நுழைத்தார்.

"குழாய் உங்க கயித்துலதான் தொங்குது, பெத்தண்ணே. மேலே போங்க. இந்தத் தடவையும் கீழே நான்தான்."