காலிப் பானைக்குப் பொன்னாடை

இசக்கியம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது. அவரைக் குருவாக வரித்துக்கொண்ட தில்லைநாயகத்துக்கு ஐம்பத்தேழு. தொழில் வளர்ச்சிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனமொன்றில் அவர் பொது மேலாளர். கோவில்பட்டிக்குத் தெற்கே சாலையோரம் இருந்த அம்மாளின் மடத்துக்குச் சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவார்.

அந்தச் சித்திரைச் சனிக்கிழமை அவர் பையில் ஓர் அறிக்கை இருந்தது.

"நாங்க கடன் கொடுத்த ஆலைகள்ல பாதி பூட்டிக் கெடக்கும்மா. ஏன்னு திங்கக்கிழமை நான் எழுதிக் கொடுக்கணும். வாங்கினவன் பூரா ஏமாத்துக்காரன்னு எழுதியிருக்கேன். அவங்க மேல கேஸ் போடப் போறோம். சரிதானே?"

"கொடுத்தவங்க?"

"எங்களை ஒரு சொல் சொல்ல முடியாது. ஒதுக்கினதை மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள கொடுத்து முடிச்சிருவோம். ஒரு வருஷம் தவறினதில்ல. அதனாலயே மறுவருஷம் இன்னும் அதிகமா ஒதுக்குவாங்க."

அம்மாள் மடத்து வாசல் பந்தலில் இருந்த நீர்மோர்ப் பானையைக் காட்டினார். மணி பதினொன்று.

"பன்னெண்டுக்குள்ள இது காலியாகணும். நான் வந்து பானையைப் பாப்பேன்."

தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

பக்கத்து டீக்கடை மாடசாமி எட்டிப் பார்த்தார். "சார், ரெண்டு கிலோமீட்டர்ல செங்கல் சூளை. அங்க போர்வெல் வத்திப் போச்சு. தள்ளுவண்டில பானையை ஏத்திரலாமா?"

"போய்ச் சேர்றதுக்குள்ள மணியாயிரும். இங்கயே நல்லா ஓடுதுய்யா."

ஓடத்தான் செய்தது. எதிர்க்கடையில் சர்பத் குடித்துவிட்டு வந்தவர்களையும் கையைப் பிடித்து இழுத்துக் கொடுத்தார். ஒருவர் உப்புப் போதாதென்று தரையில் ஊற்றினார். அவருக்கே இன்னொரு டம்ளர். காரில் வந்தவர்களிடம், "பாட்டில் இருந்தா நீட்டுங்க" என்றார். ஏழு பாட்டில்கள் நீண்டன. பதினொன்றே முக்காலுக்குப் பானையைக் கவிழ்த்து வைத்தார்.

அப்போதுதான் சூளையிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள், வழியில் சுருண்டு விழுந்த ஐந்தாமவளைத் தூக்கிக்கொண்டு. உதடு வெடித்து, கண் செருகிக் கிடந்தாள்.

"மோரு ஊத்துறாங்கன்னாங்க," என்றாள் ஒருத்தி, கவிழ்ந்த பானையைப் பார்த்தபடி.

மாடசாமிதான் ஓடித் தண்ணீர் கொண்டுவந்தார். சத்தம் கேட்டு வந்த அம்மாள் அவளை மடியில் கிடத்தி, முகம் துடைத்து, சொட்டுச் சொட்டாக விட்டார். வெகுநேரம் கழித்து அவள் கண் திறந்தாள்.

அம்மாள் எழுந்து உள்ளே போனார். பொன்னாடையோடு திரும்பினார். பானையை நிமிர்த்தி, உள்ளே கைவிட்டுத் துழாவினார். சொட்டு இல்லை. அந்த ஐந்து பெண்களின் முன்னால் பொன்னாடையைத் தில்லைநாயகத்தின் தோளில் போர்த்தினார்.

தில்லைநாயகத்தின் வீட்டு பீரோவில் இதே போல் பதினொன்று இருந்தன, ஒவ்வொரு மார்ச்சுக்கும் ஒன்றாக நிறுவனம் போர்த்தியவை.

"அம்மா... யாரு குடிச்சாங்கன்னு கேக்கவே மாட்டீங்களா?"

"நாளைக்கு ரெண்டு பானை தர்றேன்," என்றார் இசக்கியம்மாள்.