ராஜா மார்பில் ஏறிய பெருச்சாளி

கதைக்கு முன்னால் ஒரு விடுகதை. காதைக் கொடுத்துக் கேள்.

"பொன்னும் இல்லை, மணியும் இல்லை, ஆனாலும் நகை. கழற்ற முடியாது, கழுவினால் போகாது, கள்ளன் வந்தாலும் கொண்டுபோக முடியாது. அது என்ன?"

மூக்குத்தியா? மூக்குத்தியைக் கழற்றலாமே. மச்சமா? மச்சம் தானாக வரும். இதை ஒருத்தர் போட்டுவிட வேண்டும். தெரியவில்லையா? சரி, நானே சொல்கிறேன். பச்சை குத்திக்கொள்வது! இந்தக் கதை அதைப் பற்றித்தான்.

நெல்லிமேடு, நெல்லிமேடு என்று ஒரு நாடு. அந்த நாட்டில் செம்பாயி என்று ஒருத்தி பச்சை குத்திப் பிழைத்துவந்தாள். விளக்குக் கரியைப் பச்சிலைச் சாறு விட்டு அரைப்பாள், ஊசியில் தொட்டுத் தொட்டுக் குத்துவாள். அவள் குத்திய தேளைப் பார்த்தால் நீ கையை உதறுவாய், அவ்வளவு உயிர். கையில் பெயர் குத்த ஒரு நாழி கம்பு, தேள் குத்த ஒரு கோழி, மார்பு முழுக்கப் படம் என்றால் ஒரு கறவை எருமை. வேலைக்குத் தக்க கூலி. யாரும் முணுமுணுத்ததில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா ஒரு பொருளுக்கு என்ன விலை கொடுக்கிறாரோ, அதுதான் நாடு முழுக்க விலை. ராஜா கத்தரிக்காயைக் காலணாவுக்கு வாங்கினால் எல்லாருக்கும் காலணா. ராஜா செருப்பு வாங்கப் புறப்பட்டால் செருப்பு தைக்கிறவர்கள் கடையைச் சாத்திவிட்டு ஓடுவார்கள். பாவம், என்ன செய்வார்கள்?

ராஜா பெயர் கட்டாரி ராஜா. மாசி மகத்தன்று ஏழு நாட்டு ராஜாக்களும் ஒரே துறையில் இறங்கிக் குளிப்பார்கள். ஒருத்தர் மார்பில் காளை, ஒருத்தர் மார்பில் கழுகு, ஒருத்தர் மார்பில் முதலை, இப்படி ஆளுக்கொரு பச்சை. நம் ராஜா மார்பில் மட்டும் ஒன்றும் கிடையாது. கழுவிவிட்ட வாழையிலை மாதிரி இருக்கும். அவருக்கு ஒரே வெட்கம்.

"கூப்பிடு செம்பாயியை! எனக்கு ஒரு சிங்கம் வேணும்" என்றார்.

செம்பாயி வந்தாள். வந்தவள் ஊசியை எடுக்கவில்லை. முதல் நாள் ராஜா நடப்பதைப் பார்த்தாள். இரண்டாம் நாள் ராஜா உட்காருவதைப் பார்த்தாள். மூன்றாம் நாள் ராஜா தூங்கும்போது மூச்சு விடுவதைப் பார்த்தாள். அப்புறம் சாம்பலைக் குழைத்து, ஈர்க்குச்சியால் ராஜா மார்பில் ஒரு சிங்கம் வரைந்தாள். ராஜா மூச்சை இழுத்தால் சிங்கம் வாயைத் திறந்தது, மூச்சை விட்டால் வாயை மூடியது. ராஜா கண்ணாடியில் பார்த்துவிட்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டார். அவருக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது!

"இனி இது மேல ஊசி போடணும் மகாராஜா. அதுக்கு முன்னாடி கூலியைப் பேசிடலாம். மார்பு முழுக்கப் படம், ஒரு கறவை எருமை."

பக்கத்தில் பொக்கிஷக்காரர் நின்றிருந்தார். பெயர் அனந்தப்பர். ராணிக்குத் தம்பி, ராஜாவுக்கு மச்சான். எருமை என்றதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எருமையா? எதுக்கும்மா எருமை? உன் மையைக் கொண்டா!"

பொன் நிறுக்கிற தராசை எடுத்துவந்து, ராஜாவுக்காக அவள் அரைத்து வைத்திருந்த மையை நிறுத்தார். மூன்று குன்றிமணி எடை இருந்தது.

"மூணு குன்றிமணி மைக்கு ஒரு எருமையா? மையோட விலை ரெண்டு செப்புக்காசு. ஊசியை நீயே திரும்பக் கொண்டுபோகப் போறே, அதுக்குக் காசு கிடையாது. மூணு நாள் சும்மா உக்காந்து அத்தானைப் பாத்துட்டிருந்தியே, அதுக்கு நாங்கதான் உன்கிட்ட வாங்கணும்!"

"ஐயா, அந்த மூணு நாள் பாத்ததாலதான் சிங்கம் மூச்சு விடுது."

"சரி, இன்னொண்ணு கேட்டுக்கோ. ராஜா மார்புல குத்தினவள்னு ஊரெல்லாம் உன் பேரைப் பேசும். அது போதாதா?"

"பேச்சை எந்தச் சட்டியில போட்டு வேக வைக்கிறது ஐயா?"

ராஜா சிரித்துவிட்டார். மச்சான் முகம் கறுத்துவிட்டது. ராஜா காதில் போய்க் குசுகுசுவென்று சொன்னார்: "அத்தான், படம்தான் வரைஞ்சாச்சே. கோட்டு மேல ஊசி போடறதுதானே பாக்கி? என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். நான் போட்டுவிடறேன், ஒத்தைக் காசு வேண்டாம்."

காசு வேண்டாம் என்றால் ராஜாவுக்கும் இனிக்கத்தானே செய்யும்? செம்பாயி கையில் இரண்டு செப்புக்காசை வைத்தார்கள், மையை வாங்கிக்கொண்டார்கள், வாசலைக் காட்டினார்கள். அன்றைக்கே தண்டோரா போட்டார்கள்: "பச்சை குத்த இனிமேல் மை எடைக்குத்தான் கூலி! மை எடைக்குத்தான் கூலி!"

அப்புறம் என்ன ஆகும்? எண்ணெய்க் கடைக்காரர் வந்தார்: "செம்பாயி, அரைக்காசுக்கு ஒரு மயில் போடு." படகுக்காரர் வந்தார்: "கால்காசுக்கு ஒரு சுறா போடு. வாலைச் சேர்த்தே போடு." கீரைக்காரி வந்தாள்: "எங்கம்மா பேரு மட்டும் போதும்க்கா. நான் கம்புதான் கொண்டாந்தேன், வாசல்ல சேவகன் பிடுங்கிக்கிட்டான். சட்டமாம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு நாள் முழுக்கக் குத்தினால் ஒரு வேளைக் கஞ்சிக்குக் காணவில்லை. செம்பாயி வீட்டில் அடுப்பு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் எரிந்தது. இப்படியே போனால் ஊசியை விற்றுவிட்டுக் கல் உடைக்கத்தான் போகவேண்டும்.

அரண்மனையில் என்ன நடந்தது தெரியுமா? அனந்தப்பரிடம் பச்சை குத்துகிற ஊசி ஏது? சாக்குத் தைக்கிற கோணி ஊசியைக் கொண்டுவந்தார். ஒரு குத்துக் குத்தினார். "ஐயோ!" என்றார் ராஜா. இரண்டாம் குத்துக் குத்தினார். "ஐயையோ!" என்றார் ராஜா. மூன்றாம் குத்துக்கு ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. சாம்பலில் போட்ட கோடு வேர்வைக்குத் தாங்குமா? கரைந்து ஓடியது. சிங்கத்தின் பிடரி வழிந்து இரண்டு பக்கமும் மீசையாக நின்றது. வாய் கீழே இறங்கிக் கூர்மூக்காக நீண்டது. குஞ்சம் போய் வால் மட்டும் கயிறு மாதிரி மிஞ்சியது. அனந்தப்பர் ஓடுகிற கோட்டைத் துரத்தித் துரத்திக் குத்தினார்!

எல்லாம் முடிந்ததும் மஞ்சளும் இலையும் வைத்துக் கட்டிவிட்டார். ராஜாவுக்கு மனசு குளிர்ந்துபோனது. எருமை மிச்சமாயிற்றே! "மச்சான், காசு வேண்டாம்னு சொன்னியே, உன் நல்ல மனசுக்கு இந்தா" என்று நூறு பொன்னை எடுத்துக் கொடுத்தார். அனந்தப்பர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதற்குத் தண்டோரா போடவில்லை.

புண் ஆறிக் கட்டைப் பிரித்த அன்று, அரண்மனைக் கண்ணாடிகள் எல்லாம் மெருகு போடப் போயிருந்தன. யார் அனுப்பினார்கள் என்று நான் சொல்லவேண்டுமா? ராஜா குனிந்து பார்த்தார். தன் மார்பைத் தானே குனிந்து பார்த்தால் என்ன தெரியும்? மந்திரியைக் கேட்டார். "சிங்கம், மகாராஜா." தளபதியைக் கேட்டார். "சிங்கமேதான், மகாராஜா." சமையல்காரரைக் கேட்டார். அவர் அரிசி மூட்டைகளோடு பழகினவர். பார்த்ததும் அடிக்கத் தடியைத் தேடினார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சிங்கந்தான் மகாராஜா" என்றார்.

கண்ணாடிகள் திரும்பி வருவதற்குள் மாசி மகம் வந்தது. துறையில் ஏழு ராஜாக்களும் கூடினார்கள். நம் ராஜா படியில் நின்று பட்டுச் சால்வையை ஒரே வீச்சாக வீசினார், நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். பெருச்சாளி உப்பியது.

காளை ராஜா காளையைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலை ராஜா படியில் உட்கார்ந்து சிரித்தார். கழுகு ராஜா கிட்டே வந்து கையைக் கூப்பிக் கேட்டார்: "ஏன் ராஜாவே, வாகனம் மட்டும் வந்திருக்கு? பிள்ளையார் பின்னால வர்றாரா?"

நம் ராஜா தண்ணீரில் குனிந்து தன் நிழலைப் பார்த்தார். பார்த்தவர் கழுத்துவரை முங்கிக்கொண்டார். மற்ற ராஜாக்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பின பிறகுதான் எழுந்து வந்தார்.

அரண்மனைக்கு வந்ததும் வராததுமாக, "கூப்பிடு செம்பாயியை!"

செம்பாயி வந்தாள். பார்த்தாள். சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை அழிச்சுடு" என்றார் ராஜா.

"அழியாது மகாராஜா. தோலோட வந்தாச்சு. ஆனா சரி பண்ணலாம். எனக்கு ஒரு யோசனை இருக்கு."

அனந்தப்பர் முந்திக்கொண்டார். "முதல்ல யோசனையைச் சொல்லு. பிடிச்சிருந்தா அப்புறம் மையை நிறுத்து விலை பேசலாம்."

"போன தடவை கோட்டைக் கொடுத்துட்டுப் போனேன் ஐயா. அது அரண்மனைச் சோறு தின்னு இப்படி ஆகியிருக்கு. இந்தத் தடவை விலை முதல்ல, யோசனை அப்புறம்."

"திமிரைப் பாருங்க அத்தான்! பச்சை குத்த ரெண்டு செப்புக்காசு, அதுதான் நாட்டு விலை!"

ராஜாவுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "வாயை மூடுடா! ரெண்டு செப்புக்காசாம்! உனக்கு நூறு பொன் கொடுத்தேன்டா நான், இந்தப் பெருச்சாளிக்கு!"

செம்பாயி மெதுவாகக் கேட்டாள்: "மகாராஜா கொடுக்கிற விலைதானே நாட்டு விலை? அப்போ நாட்டு விலை நூறு பொன்னு இல்லையா? பெருச்சாளிக்கே நூறு பொன்னுன்னா, மத்ததுக்கு என்ன விலை மகாராஜா?"

ராஜா தலையைச் சொறிந்தார், மந்திரி தாடியைச் சொறிந்தார், அனந்தப்பர் கதவைப் பார்த்தார். வழக்கம் வழக்கம்தானே! கடைசியில் ராஜா சொன்னார்: "தட்டுல நூறு பொன் வைக்கிறேன். முற்றத்துல ஒரு கறவை எருமையைக் கட்டுறேன். வேலையை முடி. எதை வேணும்னாலும் எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு, நீ எதை எடுக்கிறியோ அதுதான் இனிமே நாட்டு விலை."

இரண்டும் கண் முன்னால் வந்த பிறகுதான் செம்பாயி யோசனையைச் சொன்னாள்.

"பெருச்சாளியை ஒண்ணும் செய்ய வேண்டாம் மகாராஜா, அது பாட்டுக்கு இருக்கட்டும். அது முதுகு மேல ஒரு பிள்ளையாரை உக்கார வைக்கிறேன்."

ராஜா எழுந்தே நின்றுவிட்டார். சபை "ஆகா!" என்றது. ஒன்பது நாள் குத்தினாள். ராஜா மூச்சை இழுத்தால் பிள்ளையாரின் தொந்தி நிறைந்தது, தும்பிக்கை லேசாக அசைந்தது. மந்திரி தன்னை அறியாமல் ராஜா முன்னால் தோப்புக்கரணம் போட்டுவிட்டார்.

அனந்தப்பர் மட்டும், "பூ, இவ்வளவுதானா! இதை யார் வேணும்னாலும் நினைச்சிருக்கலாமே" என்றார்.

"நீ ஏண்டா நினைக்கல?" என்றார் ராஜா. அதோடு விடவில்லை. மாட்டைக் காட்டி ஆட்டை விற்றவன் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கட்டவேண்டும் என்பது அந்த நாட்டுச் சந்தைச் சட்டம். சிங்கம் என்று பெருச்சாளியைக் கொடுத்தவனுக்கும் அதேதான். அனந்தப்பர் இருநூறு பொன் கட்டினார். சாவிக்கொத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தக் கோணி ஊசியையே கையில் கொடுத்துக் களஞ்சியத்தில் சாக்குத் தைக்க உட்கார வைத்தார்கள். அந்த வேலைக்கு அவர் கையெழுத்து பொருத்தமாக இருந்தது.

இப்போது செம்பாயி முற்றத்தில் நிற்கிறாள். இந்தப் பக்கம் தட்டில் நூறு பொன். அதை எடுத்தால் அவள் சாகிறவரை உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் பச்சை என்றாலே நூறு பொன் என்று ஆகிவிடும், கீரைக்காரி அவள் அம்மா பெயரைக் குத்திக்கொள்ள முடியாது. அந்தப் பக்கம் எருமை. அதை எடுத்தால் பழைய கணக்குத் திரும்பி வரும்: பெயருக்கு ஒரு நாழி கம்பு, தேளுக்கு ஒரு கோழி, மார்பு முழுக்கப் படத்துக்கு ஒரு எருமை. ஆனால் அவள் நாளைக்கும் ஊசியைத் தொட்டால்தான் அடுப்பு எரியும்.

செம்பாயி எதை எடுத்தாள் என்று நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு, கண்ணு. நீயாக இருந்தால் எதை எடுப்பாய்?

கதை கேட்ட குழந்தை எருமை என்றது. கன்றுக்குட்டியும் சேர்த்துத்தான் என்றது.