பூவலிங்கத்தின் பாய்

ஆவுடையம்மாளிடம் பாட்டுக் கற்றவர்களிலேயே திரவியத்துக்குத்தான் நல்ல குரல். அது அவனுக்கும் தெரியும். அதுதான் தொல்லை.

நாற்பது வயதாகி, முன்மண்டை வழுக்கையான பிறகும் அவனுக்கு ஒரே ஓர் ஆள்மேல் வயிற்றெரிச்சல். அந்த ஆள் எப்போதோ செத்துப்போனவர். பெயர் பூவலிங்கம். அவர் பாட்டைக் கேட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. பக்கத்து ஊரில்கூட அவரைத் தெரியாது.

ஆனால் அவர் ஊரான கீழவயலில் கேட்டுப் பாருங்கள். அவர் பாடினால் கொதிக்கிற உலை அப்படியே நிற்குமாம். ஒரு கல்யாணத்தில் அவர் பாட, மாப்பிள்ளை தாலி கட்டவே மறந்துபோனானாம்.

"உலை கொதிக்கலைன்னா சோறு எப்படி வெந்துச்சு?" என்று திரவியம் ஒரு தடவை கேட்டான்.

"அவர் பாடும்போது எவனுக்குப்பா பசிச்சுது?" என்றார் ஊர்த் தலைவர்.

வருஷா வருஷம் கீழவயலில் அவருக்கு விழா. மேடை நடுவில் ஒரு பாய் விரித்திருக்கும். அது பூவலிங்கத்தின் இடம். பாட வருகிறவர்கள் பாயைக் கும்பிட்டுவிட்டு, ஓரமாக வெறும் பலகையில் உட்கார்ந்து பாட வேண்டும். கடைசியில் மாலை பாய்க்குத்தான். ஒரு வருஷம் விவரம் தெரியாமல் திரவியம் கழுத்தை நீட்ட, மாலை அவனைத் தாண்டிப் போனது. முன்வரிசையில் சிரித்தார்கள்.

இந்த வருஷம் அவன் கும்பிடவில்லை. நேரே போய்ப் பாயின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

கூட்டம் சலசலத்தது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அவர் வாய் திறப்பதற்குள் திரவியம் பாட ஆரம்பித்துவிட்டான்.

கோபத்தில்தான் ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கே மூச்சு வாங்கினான் என்றுகூட அவனுக்குத் தெரியாது. முடித்துக் கண் திறந்தபோது அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகூட அடங்கியிருந்தது. தலைவர் மேடையேறி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மாலையை எடுத்தார்.

ஒருவழியாக வந்தது என்று திரவியம் தலையைக் குனிந்தான்.

"பூவலிங்கம் ஐயா, எங்க காலத்துல இறங்கி வந்து பாடிட்டீங்களே," என்று தலைவர் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, நீ கொஞ்சம் எந்திரிச்சுக்க. மாலையைப் பாய்மேல போடணும்," என்றார்.

மறுநாள் காலை ஆவுடையம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது திரவியம் வந்து தொப்பென்று உட்கார்ந்தான். எல்லாவற்றையும் கொட்டினான்.

"பாடுனது நான்மா. தொண்டை என்னுது. பேரு மட்டும் அந்தாளுக்கா?"

"நல்லாப் பாடுனியா?"

"இதுக்கு முன்னாடி அப்படிப் பாடுனதே இல்லை."

"பாடும்போது பூவலிங்கம் ஞாபகம் வந்துச்சா?"

"இல்லை."

"உன் ஞாபகம்?"

அவன் யோசித்தான். "அதுவும் இல்லை."

அவள் அடுத்த பூண்டை எடுத்தாள்.

"அடுத்த வருஷமாவது பாடுறது நான்தான்னு அந்தச் சனங்களுக்குத் தெரியணும். அதுக்கு என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

"ரெண்டு இடத்துல சுருதி தப்பிப் பாடு. திரவியம்தான்னு உடனே சொல்லிடுவாங்க."