பூரணத்தின் வலிக்கு ஒரு வார்த்தை

"எனக்கு இங்கிலீஷ்ல ஒரே ஒரு வலிதான் தெரியும் டீச்சர்," என்றார் மாசிலாமணி. "பெயின். அது போத மாட்டேங்குது."

ஹெப்சிபா டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்சுகளுக்கு, நோயாளிகள் வலியை எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று இங்கிலீஷில் கற்றுக்கொடுப்பவள் அவள். வயது முப்பதைத் தாண்டாது. மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு. வித்தை வேண்டும் என்று வந்தபிறகு வயதை எவன் பார்க்கிறான்?

அவள் வகுப்பு நடத்தும் ஆஸ்பத்திரி மலைமேல் இருந்தது. மதியம் மூன்று மணியானால் மூடுபனி வராந்தாவுக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். எதிரே வருகிறவர் முதலில் இடுப்புவரை தெரிவார். அப்புறம் ஆளே இருக்க மாட்டார், இருமல் மட்டும் நடந்து போகும்.

"யாருக்கு வலி?"

"என் வீட்டுக்காரி பூரணத்துக்கு. நாலு மாசமா. வெள்ளைக்கார டாக்டர் எப்படிப்பட்ட வலின்னு கேக்கிறார். நான் வெரி பெயின், வெரி வெரி பெயின்ங்கிறேன். அவரும் மாத்திரையை மாத்தி மாத்திக் குடுக்கிறார். வலி போன பாடில்ல. வர்ற வியாழனோட அவர் ஊருக்குக் கிளம்பிடறாராம்."

"எடுத்துச் சொல்ல நர்ஸ் இருக்காங்களே?"

"நல்லாருக்கே! புருஷன் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கும்போது, அவ வலியை ஊரார் எதுக்குச் சொல்லணும்?"

இப்போதுதான் டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி."

மறுநாள் ஒரு வாளித் தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள்.

"கீழ வைக்காம நில்லுங்க."

நின்றார். பனி வந்தது. வாளி தெரியவில்லை, கனம் மட்டும் இருந்தது. அரை மணி நேரத்தில் தோள்பட்டை கழன்று விழும்போல ஆகிவிட்டது.

"இப்படி விடாம கனத்து இழுக்கிற வலிக்குப் பேர் ஏக்," என்றாள் டீச்சர்.

அடுத்த நாள் செந்தட்டி இலையால் அவர் முழங்கையில் ஒரு தட்டு தட்டினாள்.

"அய்யய்யோ!"

"அய்யய்யோ இல்ல அண்ணாச்சி. ஸ்டிங்கிங்."

காலை மடக்கி உட்காரவைத்து மரத்துப்போக வைத்தாள். அது நம்ப்னஸ். மிளகாயைக் கிள்ளவைத்தாள். அது பர்னிங். மாசிலாமணி ஒவ்வொரு சொல்லையும் உடம்பில் வாங்கிக்கொண்டு, தேயிலைச் சரிவுகளின் வழியே முணுமுணுத்தபடி வீட்டுக்கு நடப்பார். பனிக்குள் தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்கும். பூரணம் கதவைத் திறப்பாள். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். வியாழக்கிழமை ஒரே போடாகப் போட்டு அவளை அசத்திவிட வேண்டும் என்று ஆசை, மனுஷனுக்கு.

செவ்வாய்க்கிழமை கேட்டார்: "மனசு வலிக்கு வார்த்தை இருக்கா டீச்சர்?"

டீச்சர் அவரை வார்டு வாசலுக்குக் கூட்டிப் போனாள். ஒருவர் மடியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்.

"இவர் சம்சாரத்துக்குக் கொண்டுவந்த காப்பி. அந்தம்மா காலையில போயிட்டாங்க. காப்பி இன்னும் சூடா இருக்கு. இவருக்குக் கீழ ஊத்தவும் மனசு வரல, குடிக்கவும் மனசு வரல."

மாசிலாமணி அந்த பிளாஸ்க்கையே பார்த்தார்.

"இதுக்குப் பேர் க்ரீஃப்," என்றாள் டீச்சர் மெதுவாக.

"இந்த வார்த்தை எனக்கு வேண்டாம் டீச்சர்," என்றார் அவர். அன்று வீடுவரைக்கும் பயந்துகொண்டே நடந்தார்.

புதன்கிழமை டீச்சர் கேட்டாள்: "சொல்லுங்க. உங்க வீட்டுக்காரம்மாவோட வலி எது?"

"ஸ்டாபிங்," என்றார் பட்டென்று. "கத்தியால குத்துற மாதிரி."

"அவங்க சொன்னாங்களா?"

"அவ என்னத்த சொல்லுவா டீச்சர்! முப்பது வருஷமாப் பாக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

டீச்சர் எழுந்தாள். பனிக்குள் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா ராக்கம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஆயா, இந்த அண்ணாச்சிக்கு எங்க வலிக்குது, பாத்துச் சொல்லு."

ராக்கம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பல்லுதான். மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே!"

"சரி. கடைவாய்ப்பல்லைப் பிடுங்கணும்னு எழுதிக்கிறேன்," என்று டீச்சர் பேனாவை எடுத்தாள்.

"என்ன விளையாட்டு இது!" மாசிலாமணி துள்ளி எழுந்தார். "எனக்கு வலி தோள்பட்டையிலங்க! நீங்க வாளியைக் குடுத்த அன்னையிலேருந்து..."

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. உங்கள யார் கேட்டா?"

மாசிலாமணி மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

டீச்சர் பேனாவை மூடினாள். ராக்கம்மா மறுபடி பெருக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை டாக்டரின் அறைக்குள்ளும் பனி வந்திருந்தது. பூரணம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல அவளுக்கு முன்னால் மாசிலாமணி நின்றார். ஓர் ஓரத்தில் டீச்சர்.

டாக்டர் வழக்கமான கேள்வியை, வழக்கம்போல மாசிலாமணியைப் பார்த்துக் கேட்டார்.

அத்தனை வார்த்தைகளும் நாக்கு நுனியில்தான் இருந்தன.

மாசிலாமணி நகர்ந்துகொண்டார். பூரணம் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"எப்படி வலிக்குது பூரணம்?"

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "எதுக்கு என்னைக் கேக்கிறீங்க? நீங்களே சொல்லுங்க."

"எனக்குத் தெரியல."



"குத்தல் இல்லீங்க," என்றாள் பூரணம் தயங்கித் தயங்கி. "இடுப்புலேருந்து கால்வரைக்கும் எறும்பு ஊருற மாதிரி. அப்புறம் அந்தக் கால் என்னோடதே இல்லாத மாதிரி ஆயிடுது. நடக்கையில விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு. அடுப்படியில ரெண்டு தடவ விழுந்தேன். உங்ககிட்ட சொல்லல. நீங்கதான் மாத்திரை வாங்கித் தர்றீங்களே, இன்னும் வலிக்குதுன்னா சங்கடப்படுவீங்கன்னு..."

அவள் குரல் உடைந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே பேசினாள். வலியைச் சொன்னாள். அதற்கு முந்தின வலியைச் சொன்னாள். ஒருவரும் கேட்காத பழைய வலிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள்.

டாக்டர் பேனாவைப் பிடித்தபடி மாசிலாமணியிடம் குனிந்தார். என்ன சொல்கிறாள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

மாசிலாமணி அவரைத் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"பொறுங்கய்யா. அவ இன்னும் முடிக்கல."