வலையோடு வந்தவர்களுக்கு மட்டும்

மார்கழி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, பூசலாங்குடிப் புளியந்தோப்பின் வாசலில் நாற்பது பேர் மீன்வலையோடு வரிசையில் நின்றார்கள். வரிசைக்கு முன்னால் மூங்கில் படலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெயர் கருத்தமுத்து. அன்று நடந்ததற்கெல்லாம் அவர் ஒருவரே காரணம் என்று வெளியூரில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. கமிட்டியில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் சமமாகவே உழைத்தார்கள்.

விஷயம் இதுதான். அந்தத் தோப்பில் வருஷந்தோறும் மஞ்சள்மூக்கு நாரைகள் வந்து கூடு கட்டும். மார்கழிக் காற்றில் கிளை ஆடும்போது குஞ்சுகள் நழுவிக் கீழே விழும். கீழே கட்டாந்தரை. விழுந்த குஞ்சுகளைத் தூக்கிவந்து காப்பாற்றுவதையே வேலையாக வைத்திருப்பவர் அழகுநாச்சி. போன வருஷம் விழுந்தவற்றில் ஒன்றைக்கூட அவரால் பிழைக்கவைக்க முடியவில்லை. மரத்தடியில் வலை கட்டினால்தான் இந்த வருஷக் குஞ்சுகள் தப்பும் என்று வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். வலை வரவில்லை.

இதைக் கேள்விப்பட்ட தெம்மாங்குப் பாடகர் கொம்பையா, அழகுநாச்சியைக் கௌரவித்து ஒரு கச்சேரி செய்வதாகச் சொல்லியனுப்பினார். மேடை வேண்டாம், நாற்பது பேர் போதும், மரத்தடியில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பாடுகிறேன் என்றார். டிக்கெட் கிடையாது. ஆளுக்கொரு பழைய மீன்வலை கொண்டுவர வேண்டும்.

தலைவர் மாசிலாமணி, செயலாளர் அரியநாயகம், வாசல் பொறுப்புக்குக் கருத்தமுத்து என்று கமிட்டி அமைந்தது. அழகுநாச்சி மூவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"நாரைக்குச் சத்தம் ஆகாது. மைக், மேளம் எதுவும் வேணாம். கைதட்டக்கூடாது. கருத்தமுத்துத் தம்பி, வலை இல்லாம யாரையும் உள்ள விட்றாத."

"யாரையுமாக்கா?"

"யாரா இருந்தாலும்."

வரிசையில் முதல் ஆள் சோலையன். கண்மாயில் மீன் பிடிப்பவர். வலையை நீட்டினார். கருத்தமுத்து வாங்கிக் கீழே வைத்தார்.

"சரிண்ணே, வலை எங்க?"

"இப்பத்தானப்பா குடுத்தேன்."

"குடுத்துட்டீங்க. அதான் இப்ப உங்ககிட்ட வலை இல்லை. வலை இல்லாம யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு அக்கா சொல்லிருக்கு."

சோலையன் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போய் இன்னொரு வலையைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுபடியும் அவரிடம் வலை இல்லாமல் போயிற்று. அடுத்த தடவை பக்கத்து வீட்டு வலையை வாங்கிவந்தவர், அதைக் கொடுக்காமல் இடுப்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். கருத்தமுத்து மரியாதையாகப் படலைத் திறந்துவிட்டார்.

அரியநாயகம் ஓடிவந்தார். "டேய், வலையோட உள்ள விட்டா நமக்கு எப்படிடா வலை சேரும்?"

"வலையை வாங்கினா ஆள் உள்ள போக முடியலைண்ணே."

"ஆள் உள்ள போனா வலை நமக்கு வரலை."

"ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும் போல."

இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். மாசிலாமணி மீசையை நீவிவிட்டுக்கொண்டார். "வலையை மட்டும் தனியாப் பிரிச்சு வாங்கப் போயித்தான் இவ்வளவு சிக்கல். ஆளோட சேர்த்து வாங்கிக்குவோம்."

அப்படியே செய்தார்கள். உள்ளே போன ஒவ்வொருவரும் வலையோடு சேர்த்துத் தங்களையும் நாரைகளுக்குக் கொடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார்கள். தலைவரும் செயலாளரும் சொந்த வலையோடு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கைதட்ட முடியாத காரணத்தால், பாட்டு முடிந்ததும் அவரவர் வலையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துக் காட்டுவது என்று தீர்மானமாயிற்று.

கொம்பையா தோளில் ஒரு துண்டோடு வந்து சேர்ந்தார்.

"வலை எங்கண்ணே?" என்றார் கருத்தமுத்து.

"நான் பாட வந்தவன்ப்பா."

"பாடுறதுக்கு வலை வேணாம்ணே. உள்ள போறதுக்குத்தான் வேணும்."

"உன் காலடியில ரெண்டு கெடக்குதே, அதுல ஒண்ணைக் குடு."

"அது சோலையண்ணன் குடுத்தது. கச்சேரி முடிஞ்சதும் அக்கா கையில ஒப்படைக்கணும்."

அடுத்து அழகுநாச்சி வந்தார். புதுச்சேலை கட்டியிருந்தார். கருத்தமுத்து அவருக்குச் சந்தனம் கொடுத்தார், கல்கண்டு கொடுத்தார், வெளியே நிற்கச் சொன்னார்.

"என்கிட்ட வலை இருந்தா இந்தக் கச்சேரியே எதுக்குடா?"

"அதேதான்க்கா. ஊர்ல வலையே இல்லாத ஆளுன்னுதான் உங்களுக்கு நடத்துறோம். இப்ப உள்ள விட்டா, நடத்துறதுக்கே அர்த்தமில்லாமப் போயிரும்."

அழகுநாச்சி மேலே பார்த்தார். காற்று எழுந்திருந்தது. கிளைகள் ஆடத் தொடங்கியிருந்தன. இவனோடு வாதாடி மாளாது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

ஆகவே கொம்பையா வேலிக்கு வெளியே, ஒரு கல்லில் உட்கார்ந்து, எதிரே நின்ற அழகுநாச்சியைப் பார்த்துப் பாடினார். தன் கச்சேரிகளிலேயே மிகச் சின்னக் கூட்டம் அதுதான் என்று பிற்பாடு சொன்னார். பக்கத்தில் நின்ற கருத்தமுத்து இரண்டு காதிலும் துணியை அடைத்துக்கொண்டார். அவரிடமும் வலை இல்லை. வலை இல்லாமல் கேட்பது முறையில்லை என்று நினைத்தார்.

காற்று தோப்பிலிருந்து வெளியே அடித்ததால் உள்ளே ஒரு சொல்கூடப் போகவில்லை. நாற்பது பேரும் வேலி இடுக்கு வழியாகப் பாடகரின் வாயைப் பார்த்தபடி பக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லாப் பாடுறாரு" என்றார் சோலையன்.

"ஆமா. கொஞ்சங்கூடச் சத்தமே இல்லை" என்றார் அரியநாயகம். "நாரைக்குன்னே பழகியிருக்காரு."

பாடகர் வாயை மூடினார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வலையைத் தலைக்கு மேல் விரித்தார்கள். அந்த நேரம் பெருங்காற்று ஒன்று வந்து மரத்தை உலுக்கியது. ஒரு குஞ்சு கிளையிலிருந்து நழுவி, நேராக அரியநாயகம் தூக்கிய வலையில் விழுந்தது. ஓர் இறகுகூட உதிரவில்லை.

"பாட்டு அவ்வளவு நல்லா இருந்திருக்கு" என்றார் அரியநாயகம்.

அழகுநாச்சி படலை நோக்கி ஓடினார். கருத்தமுத்து குறுக்கே நின்றார். வேறு வழியில்லாமல் அழகுநாச்சி, காற்று ஓய்ந்ததும், வேலிக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

"யப்பா, அதைக் கையால தொட்றாதீங்க. வலையில விழுந்ததை யாரும் கீழ எறக்கக்கூடாது. காலையிலயும் சாயங்காலமும் மீன் குடுங்க. இறக்கை முத்தித் தானாப் பறக்கிற வரைக்கும் வலையிலயே இருக்கட்டும். வலையை எல்லாம் மரத்துல கட்டுங்க."

கை வலித்துக்கொண்டிருந்ததால் இதை எல்லோரும் உடனே செய்தார்கள். இடுப்பு உயரத்தில் மரத்துக்கு மரம் வலை கட்டியாயிற்று. கட்டி முடித்ததும் கருத்தமுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். வலை இல்லாமல் ஒரு கூட்டமே தோப்புக்குள் நின்றது. தலைவர் உட்பட அத்தனை பேரையும் வெளியேற்றினார்.

கச்சேரி முடிந்துவிட்டதால் மிச்சமிருந்த இரண்டு வலைகள் அழகுநாச்சியிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டன. அவர் அவற்றோடு உள்ளே போனார், கட்டினார், வெளியேற்றப்பட்டார்.

அந்த வருஷம் விழுந்த குஞ்சுகள் எல்லாம் பிழைத்தன. அழகுநாச்சி வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டார். மீன் கொடுக்கப் போனவர்கள் தோளில் ஒரு வலையைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

பங்குனி பதினான்காம் தேதி, நாரைகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, விழவேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்க்கத் தலைவர் மாசிலாமணி மரத்தில் ஏறினார். வலையில் விழுந்தார். காயம் எதுவும் இல்லை.

"தலைவரே, இறங்கி வாங்க" என்றார் அரியநாயகம்.

"எப்படிய்யா வர்றது? வலையில விழுந்ததை யாரும் எறக்கக்கூடாது."

"நாங்க எறக்கலை. நீங்களா இறங்குங்க."

"தானாப் பறக்கணும்னுதான் சொல்லிருக்கு. தானா இறங்கணும்னு சொல்லலையே."

செய்தி கேட்டு அழகுநாச்சி வேலியோரம் வந்து நின்றார். "அது குஞ்சுக்குச் சொன்னதுண்ணே."

"தலைவனுக்குன்னு தனிச் சட்டம் போட்டா, அடுத்த வருஷம் நாரை நம்மளை மதிக்குமாம்மா?" என்றார் மாசிலாமணி.

சித்திரை முதல் தேதி கமிட்டி கூடி அவரைப் பரிசோதித்தது. இறக்கை முளைக்கவில்லை. சாயங்காலம் அயிரை மீன் கொடுக்கப்பட்டது.